மழைமானியில் நட்ட நாணல்

1902ஆம் ஆண்டு டிசம்பர் 21. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கோடை தொடங்கிவிட்டிருந்தது. அந்த ஊரில் கோடை என்றால் மழையில்லாத காலம். பெய்ய வேண்டியதெல்லாம் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும். அந்தக் கோடையில் ருடால்ஃப் மார்லோத் நகருக்குப் பின்னால் சுவர்போல் நிற்கும் மேசை மலையின் மேல் இரண்டு மழைமானிகளை வைத்தார். மார்லோத் ஜெர்மனியில் பிறந்து கேப் டவுனில் குடியேறிய வேதியியலாளர். செடிகொடிகளைத் தேடி மலை மலையாக ஏறியவர். ஒரு மானி வழக்கமான திறந்த புனல். மற்றதும் அதேதான், ஆனால் அதன் வாயில் மட்டும் அந்த மலையில் வளரும் நாணலை ஒரு கத்தையாக நட்டு வைத்திருந்தார்.

பிப்ரவரி 15 வரை சேர்ந்த நீரைக் கூட்டிப் பார்த்தபோது வெறும் மானியில் 4.97 அங்குலம். நாணல் நட்டதில் 79.84 அங்குலம். ஒரே இடம், ஒரே எட்டு வாரம், பதினாறு மடங்கு வித்தியாசம்.

வெறும் மானியை மட்டும் நம்பியிருந்தால், கோடையில் அந்த மலை ஏறக்குறைய வறண்டு கிடக்கிறது என்றே முடிவுகட்டியிருப்பார்கள். மலையோ அப்படி இல்லை. அடிவாரத்தில் புல் காய்ந்து சருகாகும் மாதங்களிலும் உச்சியில் சதுப்புத் திட்டுகள் ஈரமாகவே இருக்கும். இடுக்குகளில் ஓடை வற்றாது. அந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதே மார்லோத்தின் கேள்வி. பதில், அது மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வருகிறது என்பது. கடலை ஒட்டி நிற்கும் எந்தச் சிறு மலையில் ஏறப் போகிறவருக்கும் முதலில் தெரிந்திருக்க வேண்டியது இந்தப் பக்கவாட்டு நீர்தான்.

மேசை மலையின் உயரம் சுமார் 1,085 மீட்டர். எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை. அதே நாட்டில் ஜோகன்னஸ்பர்க் நகரமே 1,700 மீட்டருக்கு மேல்தான் அமர்ந்திருக்கிறது. மேசை மலை உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் குறைவு. மூச்சு முட்டாது, தலை சுற்றாது. உயர மலைகளில் வரும் நோய்க்கு இங்கே இடமே இல்லை. ஆனால் அந்த 1,085 மீட்டரும் கண்ணெதிரே முழுசாக நிற்கிறது. கேம்ப்ஸ் பே கடற்கரையில் காலை நனைத்துவிட்டு ஏறத் தொடங்குபவருக்கு ஒரு மீட்டர்கூடச் சலுகை கிடையாது. உள்நாட்டு மலைகள் பலவற்றில் பாதி உயரத்தைப் பேருந்தே ஏற்றிவிட்டுப் போய்விடும். கடலோர மலையில் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

மேற்கே குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் தழுவும் அட்லாண்டிக். தென்கிழக்கே அதைவிட வெதுவெதுப்பான ஃபால்ஸ் பே விரிகுடா. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீபகற்பத்தின் வடகோடியில் இந்த மலை. இங்கே ஏறுபவர்கள் உயரத்தைப் பார்த்துத் தயாராகிறார்கள். ஆனால் ஏற்றத்தின் குணத்தைத் தீர்மானிப்பது உயரம் அல்ல, கடல்.

கோடை மாதங்களில் தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் வீசும். நகரத்தின் தூசையும் துர்நாற்றத்தையும் அடித்துக்கொண்டு போவதால் அதற்கு ‘கேப் டாக்டர்’ என்று பழைய பட்டப்பெயர் உண்டு. ஃபால்ஸ் பே பக்கம் கடல்மேல் தவழ்ந்து ஈரம் குடித்து வரும் அந்தக் காற்றுக்கு எதிரே திடீரென்று மலை. விலகிப் போக வழியில்லாத காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைவதால் அது விரிகிறது; விரிவதால் குளிர்கிறது. மேகமாகாத காற்று ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் இழக்கும். கடல்மட்டத்தில் 22 டிகிரி வெப்பத்தோடும் 16 டிகிரி பனிநிலையோடும் (ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) புறப்படும் காற்று 750 மீட்டர் வாக்கில் ஈரத்தைத் தாங்க முடியாத நிலைக்கு வந்துவிடும். அங்கே நீராவி துளியாகிறது, மேகம் பிறக்கிறது. மலைக்கோ இன்னும் 300 மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கிறது. எனவே மேகம் மலைக்கு மேலே இல்லை, மலைமேலேயே படுத்திருக்கிறது.

அதற்கு மேலே, உயரழுத்த மண்டலத்தில் கீழிறங்கி வெப்பமான காற்று ஒரு மூடிபோல் அழுத்துகிறது. அதனால் மேகத்தால் குவியலாக வளர முடிவதில்லை, தட்டையாகப் பரவுகிறது. தட்டையான உச்சியில் தட்டையான மேகம். ஊரார் இதை ‘மேசை விரிப்பு’ என்கிறார்கள். உச்சியைத் தாண்டி வடக்கே நகரத்தின் பக்கம் வழியும்போது காற்று இறங்குகிறது, அழுந்துகிறது, சூடாகிறது. துளிகள் மறுபடி ஆவியாகின்றன. கீழே நகரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளை விரிப்பின் ஓரம் பாறைமேல் அசையாமல் தொங்குவதுபோல் இருக்கும். உண்மையில் அங்கே எதுவும் நிற்கவில்லை. ஒரு பக்கம் நிமிடந்தோறும் புதிய துளிகள் உருவாகி, உச்சியைக் கடந்து, மறுபக்கம் அழிந்துகொண்டிருக்கின்றன. நின்றுகொண்டிருப்பது, அவை பிறக்கும் இடமும் மறையும் இடமும் மட்டுமே.

இந்த மேகத்தின் துளிகள் மிகச் சிறியவை, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுதான். தன் எடையால் விழ முடியாமல் காற்றோடு கிடைமட்டமாக ஓடுகின்றன. மேல்நோக்கித் திறந்திருக்கும் புனலுக்கு அவை அகப்படாது. வாய்க்கு மேலாகவே பறந்துவிடும். குறுக்கே ஒரு நாணல் தண்டு நின்றால் கதை மாறுகிறது. காற்று தண்டை வளைந்து கடந்துவிடும். காற்றைவிடக் கனமான துளியால் அவ்வளவு சட்டென்று வளைய முடியாது. நேரே போய் மோதி ஒட்டிக்கொள்ளும். மோதியவை சேர்ந்து பெருத்து, தண்டு வழியாக வழிந்து புனலுக்குள் இறங்கும். தண்டு மெல்லியதாக இருந்தால் பிடிப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் மெல்லிய பொருளைச் சுற்றிப் போக காற்று கடைசி நொடியில்தான் வளைகிறது. மேசை மலையில் ரெஸ்டியோ எனப்படும் நாணல் வகைகளும் ஊசிபோல் இலை கொண்ட எரிக்கா புதர்களும் அடர்ந்து வளர்கின்றன. அத்தனையும் மெல்லிய தண்டுகள், மெல்லிய இலைகள்.

மார்லோத்தின் பதினாறு மடங்கை அப்படியே எடுத்து மலைப்பரப்பு முழுவதற்கும் பெருக்கிவிடக் கூடாது. தனியாக, காற்றுக்கு முகம்கொடுத்து நிற்கும் ஒரு கத்தை, நாலா பக்கமும் செடி சூழ்ந்த நாணலைவிட அதிகம் பிடிக்கும். பிடித்ததெல்லாம் ஒரு சிறு புனலின் பரப்புக்குள் கணக்காகிறது. அந்த எண்ணிக்கை சர்ச்சைக்குரியது. அது காட்டிய வழிமுறையில் சர்ச்சை இல்லை. சிலி நாட்டின் வறண்ட வடகரையில் எல் டோஃபோ என்ற கடலோர மலையில் 1980களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் வலைகளைக் கட்டினார்கள். சுமார் 100 வலைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 15,000 லிட்டர் நீரைப் பிடித்தன. கீழே இருந்த சுங்குங்கோ என்ற மீனவக் கிராமம் 1992 முதல் அந்த நீரைக் குழாயில் குடித்தது. பின்னாளில் பராமரிப்பு விட்டுப்போய்த் திட்டம் படுத்துவிட்டது வருத்தமான செய்தி. ஆனால் அங்கே வலை செய்ததும் கேப் டவுனில் நாணல் செய்வதும் ஒரே வேலை.

இனி ஏற்றத்துக்கு வரலாம். மேசை மலைக்கு நூற்றுக்கணக்கான வழிகள் இருக்கின்றன. நகரப் பக்கமிருந்து நேராக ஏறுவது பிளாட்டெக்லிப் பள்ளத்தாக்கு. 1503இல் போர்ச்சுகீசியத் தளபதி அன்டோனியோ டி சல்டான்யா ஏறியதே, எழுத்தில் பதிவான முதல் ஐரோப்பிய ஏற்றம். அவர் வந்ததும் இந்த வழி என்றே கருதப்படுகிறது. தான் எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று பார்ப்பதற்காகவே அவர் ஏறினார். சாலையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் நடையில் 650 மீட்டருக்கு மேல் ஏற்றம். கையூன்றி ஏற வேண்டிய இடம் எதுவும் இல்லை, கற்படிகள்தான். இதை எளிது என்று எழுதும் வழிகாட்டி நூல்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகின்றன. தென் அரைக்கோளத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். பிளாட்டெக்லிப் வடக்கு பார்த்த சரிவு. கோடையில் முற்பகலிலேயே பாறை சுடத் தொடங்கும், நிழல் கிடையாது. கீழே வெயில், மேலே மேகம். இரண்டு மணி நேரத்துக்குள் வியர்வையில் நனைந்த சட்டையோடு பத்து டிகிரி குறைந்த குளிர்காற்றில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

வழியெல்லாம் பாறை பேசுகிறது. அடியில், நகரத்துக்குக் கீழே கிடப்பது 54 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல் சேறு இறுகிப் பலகைக்கல்லானது. அதற்குள் உருகிய குழம்பாக நுழைந்து உறைந்தது கிரானைட். சீ பாயின்ட் கடற்கரையில் இந்த இரண்டும் கலந்து நாக்கு நாக்காகப் பின்னிக் கிடப்பதை இன்றும் காலால் மிதித்துப் பார்க்கலாம். 1836இல் பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் அந்த இடத்தைப் பார்த்து விவரித்திருக்கிறார். கிரானைட்டுக்கு மேலே மெல்லிய செந்நிற அடுக்கு. அதற்கும் மேலே, மலையின் செங்குத்துச் சுவர் முழுவதும், கடினமான மணற்கல். உச்சியில் மிக உயர்ந்த முனையருகே வேறொரு படிவம் துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது: சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் சுமந்து வந்து கொட்டிய கற்கள். ஒரு முற்பகல் நடையில் பத்துக் கோடி ஆண்டு.

இன்னொரு விஷயம் கேட்டவுடன் நம்ப முடியாதது. இந்த மலை ஒரு காலத்துப் பள்ளத்தின் அடிப்பகுதி. கண்டங்கள் நெருக்கியபோது மணற்கல் அடுக்குகள் மேடும் பள்ளமுமாக மடிந்தன. மேட்டின் முதுகில் பாறை இழுபட்டு விரிசல் விட்டது. மழையும் காற்றும் அங்கே எளிதாகப் புகுந்து அரித்துவிட்டன. பள்ளத்தின் அடியில் பாறை நெருக்கப்பட்டு இறுகியது, அதனால் தப்பியது. மேடுகள் கரைந்து போக, பள்ளம் மலையாக மிஞ்சியது. அடுக்குகள் ஏறக்குறைய கிடையாக இருப்பதால்தான் உச்சி 3 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டையாக இருக்கிறது.

இவ்வளவு பெரிய கல் கடலோரத்தில் தனியாக நின்றால் அது காற்றை மட்டுமா திருப்பும்? 1751இல் கேப் டவுன் வந்த பிரெஞ்சு வானியலாளர் நிகோலா லூயி டி லகாய், தென்வானத்தில் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான விண்மீன்களைப் பட்டியலிட்டார். ஒரு மங்கலான விண்மீன் கூட்டத்துக்கு இந்த மலையின் பெயரையே வைத்தார். கூடவே, பூமியின் தென்பாதியின் வடிவத்தை அறிய 1752இல் நகரத்திலிருந்து வடக்கே ஒரு டிகிரி அகலாங்குக்குச் சற்று அதிகமான தூரத்தை அளந்தார். விடை விசித்திரமாக வந்தது. அவர் கணக்கில் ஒரு டிகிரியின் நீளம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். அதை நம்பினால் தென்பாதி வடபாதியைப் போல் இல்லாமல், பூமியே பேரிக்காய் வடிவத்தில் இருக்க வேண்டும். லகாய் கவனமான மனிதர். மறுபடி சோதித்தும் பிழை அகப்படவில்லை.

பிழையைப் பிடித்தவர் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒரு வேலையிலிருந்து வந்தவர். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கியிருந்தார். அவருக்கு 1818இல் உதவியாளராகச் சேர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட், காய்ச்சலில் உடல் கெட்டு, தேறி வருவதற்காக 1820இல் கேப் டவுனுக்கு அனுப்பப்பட்டார். ஓய்வெடுக்க வந்த இடத்தில் லகாயின் அளவை நிலையங்களைத் தேடிப் போனார். அங்கே நின்று சுற்றிப் பார்த்தவருக்குக் காரணம் கண்முன்னே தெரிந்தது. விண்மீனின் கோணத்தை அளக்க, நேர்செங்குத்து எது என்று தூக்குக்குண்டுதான் சொல்ல வேண்டும். அளந்த தூரத்தின் தென்முனையில் மேசை மலை அந்தக் குண்டைத் தன் ஈர்ப்பால் தன் பக்கம் இழுத்திருக்கிறது. வடமுனையில் இருந்த மலைகள் எதிர்ப்பக்கம் இழுத்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து கோணத்தைச் சில விகலைகள் சுருக்கிவிட்டன. கோணத்தில் ஒரு விகலை என்றால் தரையில் சுமார் 31 மீட்டர். பூமி பேரிக்காய் ஆனதற்கு அது போதும்.

1840களில் வானியலாளர் தாமஸ் மக்லியர் அந்தத் தூரத்தை மறுபடி அளந்து, வடக்கே நீட்டி, எவரெஸ்ட் சொன்னது சரி என்று காட்டினார். உச்சியின் உயர்ந்த முனையில் இன்று நிற்கும் கற்குவியல் அளவைப் பணிக்காக அவர் எழுப்பியது. அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எவரெஸ்ட் இந்தியா திரும்பி, 1823இல் லாம்டன் இறந்தபின் அளவைப் பணியின் தலைமையை ஏற்றார்.

அந்தக் கற்குவியலருகே மேகம் சூழும்போது என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் அங்கே போகக் கூடாது. 1929 அக்டோபரிலிருந்து மலைக்கு ரோப் கார் ஓடுகிறது. 1997இல் புதுப்பித்தபின் 65 பேர் ஏறும் சுழலும் பெட்டிகள். காற்று கூடினால் சேவை நின்றுவிடும். அதை நம்பி ஏறியவர், இறங்க வண்டியில்லாமல், விரிப்பு மூடிய உச்சியில் நிற்பார். உச்சி தட்டை, எந்தப் பக்கம் போகிறோம் என்று சரிவை வைத்துச் சொல்ல முடியாது. நாலடிக்கு அப்பால் தெரியாத மேகத்தில் விளிம்பைத் தேடிப் போய், முதலில் அகப்படும் ஒரு பள்ளத்தில் இறங்கத் தோன்றும். இந்த மலையில் பல பள்ளங்கள் ஒழுங்கான பாதைபோல் தொடங்கி, பாதியில் செங்குத்துப் பாறை விளிம்பில் முடிந்துவிடுகின்றன. இறங்கியவரால் மேலேயும் ஏற முடியாது. கீழே நகரத்து விளக்கு கண்ணுக்குத் தெரியும், கார்களின் ஒலிப்பான் காதில் விழும். அந்த அருகாமைதான் ஆளை ஏமாற்றுகிறது. 1891இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க மலையேற்றக் கழகத்தின் தன்னார்வலர்கள் இன்றும் மீட்புக் குழுக்களோடு கயிறு எடுத்துக்கொண்டு இரவில் ஏறுகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் சொல்வது எளிமையானது. தெரிந்த வழியில் மட்டும் இறங்கு. வழி தெரியாவிட்டால் வந்த வழியே திரும்பு. அதுவும் தெரியாவிட்டால் காற்று படாத பாறை மறைவில் உட்கார். வெயிலில் கிளம்பினாலும் பையில் கம்பளிச்சட்டையும் மழைச்சட்டையும் இருக்க வேண்டும். ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால், உறைநிலைக்கு மிக மேலே இருக்கும் வெப்பநிலையிலும் உடல் விறைத்துப்போகும்.

கிழக்குப் பக்கம் இன்னொரு உலகம். கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் தோட்டத்திலிருந்து ஸ்கெலிட்டன் கார்ஜ் வழியாக ஏறும் பாதைக்கு ஸ்மட்ஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாக்கிரகத்தை அரசின் தரப்பில் எதிர்கொண்டு, 1914இல் அவரோடு உடன்பாட்டுக்கு வந்த அதே யான் ஸ்மட்ஸ். எழுபது வயதைத் தாண்டியும் இந்த வழியே நடந்தவர். இந்தப் பக்கம் மேகம் முதலில் வந்து மோதுகிறது, மழையும் நகரத்தைவிடப் பல மடங்கு. பாதை அடர்ந்த காட்டு நிழலில், ஓடையை ஒட்டி, சில இடங்களில் மரஏணிகளில் ஏறுகிறது. மேலே போனால் 1897இல் கட்டி முடித்த உட்ஹெட் அணை. வளரும் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டி, மலைமேலேயே கட்டினார்கள்.

கோடை நடுவில் இந்த ஓடைக்கரைகளில் சிவப்பு டிசா ஆர்க்கிட் பூக்கிறது. சிவப்பு நிறத்தைத் தேடி வரும் ஒரு பெரிய பழுப்பு வண்ணத்துப்பூச்சி அதன் மகரந்தத்தைச் சுமக்கிறது. 57 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மலையில் ஏறத்தாழ 1,470 தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. உயிரினங்களில் மிக வியப்பானது மேசை மலைப் பேய்த்தவளை. இம்மலையின் கிழக்கு, தெற்குச் சரிவுகளில் ஓடும் சில ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. அதன் தலைப்பிரட்டைக்கு வாயே ஓர் உறிஞ்சிபோல் அமைந்திருக்கிறது. வேகமாக ஓடும் நீரில் பாறையைப் பற்றிக்கொண்டு அதன்மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது. அது தவளையாக ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். அப்படியென்றால், மழையில்லாத கோடை ஒன்றை அது ஓடைக்குள்ளேயே கடந்தாக வேண்டும். ஓடை ஒரு வாரம் வற்றினாலும் அந்தத் தலைமுறை போயிற்று. கோடையில் ஓடையை வற்றாமல் காப்பதில், மார்லோத்தின் நாணல் பிடித்துக் காட்டிய அந்த மேகநீருக்கும் பங்குண்டு.

அணைகள் ஓடைகளின் போக்கை மாற்றின. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன் மரங்கள் நீரை உறிஞ்சின. அளவுக்கு மீறி அடிக்கடி வரும் தீ, நாணலும் எரிக்காவும் திரும்ப வளர அவகாசம் தருவதில்லை. இவற்றோடு மலையேறிகளின் கால்களும் சேர்கின்றன. திருப்பத்தில் பாதையை விட்டுக் குறுக்கே இறங்கும்போது செடி மிதிபட்டு மண் அவிழ்கிறது. அடுத்த மழையில் அது ஓடைக்குப் போகிறது. ஸ்கெலிட்டன் கார்ஜில் படிகளும் ஏணிகளும் ஏறுபவரின் வசதிக்காக மட்டும் போடப்பட்டவையாகத் தோன்றலாம். அவை கால்களை ஒரே கோட்டில் நிறுத்தி மண்ணையும் பிடித்துவைக்கின்றன. மண் படிந்த கல்லில் பாசி தழைக்காது. பாசி இல்லாத கல்லில் பேய்த்தவளையின் தலைப்பிரட்டைக்கு இரையில்லை.